உள்ளூர்த் தொண்டுக்கு நிதி: சட்டமும் கணக்கும் காட்டும் வழி

மாலை நேரப் படிப்பகம் நடத்தும் இளைஞர் குழு, ஏரியைத் தூர்வாரிக் காக்கும் விவசாயிகள் சங்கம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பகல் நேரப் பராமரிப்பு மையம், தனித்து வாழும் முதியோருக்கு உணவு கொண்டு சேர்க்கும் மகளிர் அமைப்பு எனத் தமிழ்நாட்டின் ஊர்கள்தோறும் இயங்கும் சிறு தொண்டு அமைப்புகள், அரசின் திட்டங்கள் எட்டாத இடங்களில் மக்களின் அன்றாடத் தேவைகளை நிறைவேற்றி வருகின்றன. இவற்றுள் பல நிறுவியவர்களின் சொந்தப் பணத்தாலும் அறிந்தவர்கள் தரும் நன்கொடையாலும் நடப்பவை என்பதால், அந்த வரவு குறையும் ஆண்டில் பணியும் சேர்ந்து நின்றுவிடுகிறது. மறுபுறம், 2022-23 நிதியாண்டில் மட்டும் இந்திய நிறுவனங்கள் சமூகப் பொறுப்புச் செலவாக ஏறத்தாழ 30 ஆயிரம் கோடி ரூபாயை வழங்கியுள்ளன. இந்த நிதிக்கும் அந்தப் பணிக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கச் சிறு அமைப்புகள் அறிந்திருக்க வேண்டிய சட்டங்களையும் நடைமுறைகளையும் முறையாக அறிந்துகொள்வது, அவற்றின் தொடர்ச்சிக்கே அடிப்படையானது.

நன்கொடையும் நல்கையும்

தொண்டு அமைப்புக்கு வரும் பணம் எல்லாம் ஒரே தன்மையுடையதன்று. நன்கொடை என்பது கொடுப்பவர் அமைப்பின் மீதுள்ள நம்பிக்கையால் தருவது. அதை அமைப்பின் நோக்கங்களுக்குள் அடங்கும் எந்தப் பணிக்கும் பயன்படுத்தலாம். நல்கை என்பது குறிப்பிட்ட பணியை, குறிப்பிட்ட காலத்துக்குள், ஒப்புக்கொண்ட செலவுத் திட்டத்தின்படி செய்து முடிப்பதற்காக வழங்கப்படுவது. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை என்றாலும், செலவுக்கு ஆதாரமும் பணிக்கு அறிக்கையும் தரவேண்டிய கடப்பாடு உடையது. இவ்வேறுபாட்டை உணராமல், நல்கைப் பணத்தை அவசரத் தேவைக்காக வேறு பணிக்கு மாற்றிச் செலவிடும் அமைப்பு, நேர்மையான நோக்கத்துடன் அதைச் செய்திருந்தாலும், அடுத்த தவணையை இழப்பதோடு நிதியளிப்பவரின் நம்பிக்கையையும் இழக்க நேரிடுகிறது.

சட்ட வடிவமும் வரிப் பதிவுகளும்

நிதியளிக்கும் எந்த நிறுவனமும் முதலில் பார்ப்பது அமைப்பின் சட்ட வடிவத்தை. தமிழ்நாட்டில் மூன்று வடிவங்கள் வழக்கிலுள்ளன: சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிந்து அமைக்கப்படும் அறக்கட்டளை, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதியப்படும் சங்கம், 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 8ஆம் பிரிவின்படி இலாப நோக்கின்றித் தொடங்கப்படும் நிறுவனம். அறக்கட்டளை தொடங்குவதற்கு எளிது. சங்கம் பொதுக்குழு, தேர்தல், ஆண்டுக் கணக்குத் தாக்கல் ஆகியவற்றால் உறுப்பினர்களின் கண்காணிப்புக்கு உட்பட்டது. 8ஆம் பிரிவு நிறுவனம் கூடுதல் தாக்கல்களையும் செலவையும் கோரினாலும் வெளிப்படைத்தன்மையின் காரணமாகப் பெருநிறுவனங்களால் விரும்பப்படுவது.

இதையடுத்து வருமான வரித்துறையின் இரண்டு பதிவுகள் தேவைப்படுகின்றன. '12ஏ' என்று வழங்கப்படும் பதிவு, அமைப்பு தன் வருமானத்தில் குறைந்தது 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிடுதல் முதலான நிபந்தனைகளை நிறைவேற்றினால், அவ்வருமானத்துக்கு வரிவிலக்கு அளிக்கிறது. '80ஜி' என்று வழங்கப்படும் ஒப்புதல், அமைப்புக்கு நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை அளிக்கிறது. பொதுவாகத் தொகையில் பாதியைத் தம் வரிக்குரிய வருமானத்திலிருந்து அவர் கழித்துக்கொள்ளலாம். தனிநபர்களுள் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே இச்சலுகை கிடைக்கும் என்பதும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு இது பொருந்தாது என்பதும் நன்கொடையாளரிடம் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியவை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 அதன் நடைமுறை நாளாகக் குறிக்கப்பட்டதால் பிரிவு எண்கள் மாறினாலும், தொண்டுத் துறையில் பழைய எண்களே பெயர்களாக நிலைத்துவிட்டன. இவ்விரண்டுடன், நிதி ஆயோக் நடத்தும் 'தர்பன்' தளத்தில் பதிந்து பெறும் அடையாள எண்ணும் மத்திய அரசின் நிதியுதவிகளுக்கு விண்ணப்பிக்கத் தேவைப்படுகிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி

சிஎஸ்ஆர் என்று பரவலாக அறியப்படும் சமூகப் பொறுப்பு நிதிக்கு அடிப்படை, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவு. முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர இலாபம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அப்பணிகள் எவை என்பதைச் சட்டத்தின் 7ஆம் அட்டவணை வரையறுக்கிறது. கல்வி, மருத்துவம், வறுமை ஒழிப்பு, சுற்றுச்சூழல், பாலினச் சமத்துவம், கலை பண்பாட்டுப் பாதுகாப்பு முதலியவை அதில் அடங்குகின்றன. நிறுவனத்தின் விளம்பரத்துக்கான நிதியாதரவும், அதன் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்தரும் பணியும் இக்கணக்கில் சேரா.

உள்ளூர் அமைப்புகளுக்கு இச்சட்டத்தில் கவனிக்கத்தக்க மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமே கூறுகிறது. இரண்டாவது, ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பொறுப்புத்தொகை உடைய நிறுவனம் இதற்கெனத் தனிக்குழு அமைக்க வேண்டியதில்லை. இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். சராசரியாக 5 கோடி ரூபாய் இலாபம் ஈட்டும் நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் செலவிடக் கடமைப்பட்டது என்பதால், ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ இயங்கும் நடுத்தர நிறுவனமொன்றின் கடமைத்தொகை, ஒரு வட்டத்தில் பணிபுரியும் அமைப்பின் ஆண்டுத் தேவைக்கு ஏறக்குறையப் பொருந்தும் அளவிலேயே அமைகிறது. நாடறிந்த பெருநிறுவனங்களை மட்டுமே நாடி, நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுள் ஒன்றாகக் காத்திருப்பதைவிட, தன் பணியை நேரில் வந்து பார்க்கக்கூடிய தொலைவிலுள்ள நிறுவனத்தை அணுகுவது சிறு அமைப்புக்கு ஏற்ற வழி. மூன்றாவது, இக்கடமை நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவானவற்றுக்கு மட்டுமே உரியது; திருப்பூர், கரூர், சிவகாசி போன்ற ஊர்களில் கூட்டாண்மையாகவோ தனியுரிமையாகவோ நடக்கும் தொழில்கள் இதற்குள் வருவதில்லை என்பதால், அவற்றிடம் நன்கொடையாகவே கேட்க வேண்டும்.

இந்நிதியைப் பெறும் அமைப்பு, மத்திய நிறுவன விவகாரத் துறையிடம் 'சிஎஸ்ஆர்-1' படிவம் தாக்கல் செய்து பதிவெண் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிதி தரும் நிறுவனமே நிறுவாத வெளி அமைப்பாயின், அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் தேவை. எனவே புதிய அமைப்பு தன் முதல் மூன்று ஆண்டுகளை இந்நிதிக்கான தகுதியை ஈட்டும் காலமாகக் கொண்டு, ஒவ்வொரு ஆண்டும் தணிக்கை செய்த கணக்கையும் அச்சிட்ட ஆண்டறிக்கையையும் ஆயத்தமாக வைத்திருப்பது அவசியம்.

எந்த நிறுவனம் எத்துறைக்கு, எந்த மாவட்டத்தில் செலவிடுகிறது என்பதை அறிவதற்கு மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளமும், நிறுவனங்கள் தத்தம் இணையதளங்களில் வெளியிட வேண்டிய கொள்கை, திட்டப் பட்டியல் ஆகியவையும் உதவுகின்றன. நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், ஆண்டுத் திட்டம் வகுக்கப்படும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் அணுகுவது, ஆண்டிறுதி அவசரத்தில் அணுகுவதைவிடப் பயன்தரும்.

அரசும் பொது நிறுவனங்களும்

மக்கள் பங்களிப்புடன் பொதுச் சொத்துகளை உருவாக்கவும் சீரமைக்கவும் தமிழ்நாடு அரசு நடத்தும் 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு அளிக்கிறது. அரசுப் பள்ளிகளின் மேம்பாட்டுக்கு உதவ விரும்புவோருக்காக 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்னும் அமைப்பை மாநில அரசு தொடங்கியது. மாற்றுத்திறனாளிகள், முதியோர் நலனுக்கான மத்திய அரசுத் திட்டங்களில் தொண்டு அமைப்புகளுக்கு நேரடி நிதியுதவி உண்டு. இவற்றில் மாவட்ட, மாநில அலுவலர்களின் ஆய்வும் பரிந்துரையும் முடிவைத் தீர்மானிப்பதால், அவர்களிடம் பணியை முன்னரே அறிமுகப்படுத்தி வைத்திருப்பது தேவையாகிறது.

1982இல் தொடங்கப்பட்ட நபார்டு வங்கி, நீர்வடிப்பகுதி மேம்பாடு, பழங்குடியினருக்கான பழத்தோட்டத் திட்டம், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆகிய பணிகளைத் தொண்டு அமைப்புகளின் வழியே செயற்படுத்துகிறது. அதன் மாவட்ட வளர்ச்சி மேலாளரே உள்ளூர் அமைப்புகள் முதலில் சந்திக்க வேண்டிய அலுவலர். நாடு தழுவிய தனியார் அறக்கட்டளைகளுள் 1919இல் தோன்றிய சர் ரத்தன் டாடா அறக்கட்டளை, 1932இல் தோன்றிய சர் தொராப்ஜி டாடா அறக்கட்டளை ஆகியவையும் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் குறிப்பிடத்தக்கவை. இவை ஒவ்வொன்றுக்கும் உரிய துறைகளும் வட்டாரங்களும் மாறிவருவதால், அண்மையில் எவற்றுக்கு நிதி வழங்கியுள்ளன என்று படித்தறிந்த பின்னரே விண்ணப்பிப்பது முறை. ராமநாதபுரம், விருதுநகர் ஆகிய இரண்டும் மத்திய அரசு 2018இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. அங்குள்ள அமைப்புகள் தம் விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடுவது பயனளிக்கும்.

வெளிநாட்டு நிதியின் எல்லைகள்

வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயைப் பெறுவதும் குற்றம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இந்நிதியைப் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே பெற முடியும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதும் தடைசெய்யப்பட்டது. பெரிய அமைப்புகள் வெளிநாட்டு நிதியைப் பெற்றுக் கிராம அளவிலான சிறு அமைப்புகளுக்குப் பிரித்தளித்த நெடுநாள் வழக்கம் இதனால் முடிவுக்கு வந்தது. அந்த இழப்பைப் பெரிதும் ஏற்றவை சிறு அமைப்புகளே.

வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் தம் ஊருக்கு உதவ முன்வரும்போது அவர்களின் குடியுரிமையைக் கேட்டறிவது இன்றியமையாதது. இந்தியக் குடியுரிமையை விடாதவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடையாளரே.

முன்மொழிவு எழுதும் முறை

நல்கை கோரி எழுதப்படும் ஆவணம் முன்மொழிவு எனப்படும். சிக்கல் என்ன, அதனால் பாதிக்கப்படுவோர் யார், அமைப்பு செய்யப்போவது என்ன, அதனால் நிகழும் மாற்றத்தை எப்படி அளப்பது, செலவு எவ்வளவு, நிதி முடிந்தபின் பணி எப்படித் தொடரும் என்ற வினாக்களுக்கு அது விடையளிக்க வேண்டும். இதில் பலரும் தடுமாறும் இடம், வெளியீட்டுக்கும் விளைவுக்கும் இடையிலான வேறுபாடு. எடுத்துக்காட்டாக, ஒரு படிப்பகம் ஆண்டில் எத்தனை நாள் நடந்தது, எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்பன வெளியீடுகள்; தொடக்கத்தில் சொற்களை மட்டுமே படித்த குழந்தைகளில் எத்தனை பேர் ஆண்டிறுதியில் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கிறார்கள் என்பது விளைவு. விளைவைக் காட்டுவதற்குத் தொடக்கநிலை அளவீடு தேவை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வின் எளிய வாசிப்புத் தேர்வு போன்ற கருவிகள் தமிழிலும் கிடைப்பதால், சிறு அமைப்பும் பெரும் செலவின்றி இதைச் செய்ய முடியும். 'இல்லம் தேடிக் கல்வி', 'எண்ணும் எழுத்தும்' போன்ற அரசுத் திட்டங்கள் அதே ஊரில் செய்தவற்றிலிருந்து தன் பணி எவ்வகையில் வேறுபடுகிறது என்றும் முன்மொழிவு விளக்க வேண்டும்.

செலவுத் திட்டத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் அலகு விலையும் எண்ணிக்கையும் தனித்தனியே காட்டப்பட வேண்டும். பணி முடிந்தபின் பட்டயக் கணக்காளர் கையொப்பத்துடன் அளிக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ், பணம் ஒப்புக்கொண்ட வகையில் செலவானதை உறுதிசெய்கிறது. விண்ணப்பம் ஏற்கப்படாதபோது காரணத்தைப் பணிவுடன் கேட்டறிந்து, அடுத்த ஆண்டு திருத்தி அனுப்புவது பலன்தரும் வழக்கம்.

நிதியளிப்போரின் கடமை

கணக்கு எழுதுபவரின் ஊதியம், அலுவலக வாடகை, தணிக்கைக் கட்டணம், ஊழியர் பயிற்சி ஆகியவை நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் தள்ளப்பட்டு, இயன்றவரை குறைக்கப்பட வேண்டியவையாகவே கருதப்படுகின்றன. கணக்கும் அளவீடும் அறிக்கையும் கேட்கும் நிதியாளர்கள், அவற்றைச் செய்யும் மனிதருக்கான ஊதியத்தை மறுப்பது முரண்பாடாகும். பெரிய அமைப்பு வேறு வரவிலிருந்து இதைச் சமாளிக்கலாம். சிறு அமைப்பில் அச்சுமை களப்பணியாளரின் குறைந்த ஊதியமாக மாறி, அவர்களுள் பெரும்பாலோராகிய பெண்களின் மீது விழுகிறது. எனவே செலவுத் திட்டத்தில் இவ்வினங்களை மறைக்காமல், அவை எப்பணிக்கு எப்படி உதவுகின்றன என்ற விளக்கத்துடன் கோருவது அமைப்பின் உரிமை. அதை ஏற்று, ஓராண்டுக்குப் பதில் மூன்றாண்டு அளவிலான நல்கைகளை வழங்குவது நிதியாளரின் பொறுப்பு.

தனி ஒரு நல்கையை மட்டுமே நம்பும் அமைப்பு, அந்நல்கை முடியும் நாளில் ஆட்டங்காண்கிறது. ஊர்மக்கள் மாதந்தோறும் தரும் சிறு தொகைகள், வட்டாரத் தொழில்களின் நன்கொடை, ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் நிதி, ஓர் அரசுத் திட்டம் என வரவுகள் பலவாகப் பிரிந்திருப்பதே பாதுகாப்பு. இவற்றுள் ஊர்மக்களின் பங்களிப்பு தொகையில் சிறியதாயினும், நீர்நிலைகளைச் சீரமைக்க 2017இல் மீண்டும் தொடங்கப்பட்ட குடிமராமத்துத் திட்டம் விவசாயிகளிடம் 10 விழுக்காட்டைக் கோரியது போல, பணி தமக்குரியது என்று மக்கள் கருதுவதற்கான சான்றாக வெளி நிதியாளர் முன் நிற்கிறது. ஊரின் தேவையை அங்கு வாழ்பவரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை; அந்த அறிவைச் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்பாகவும் தெளிவான கணக்காகவும் வடித்துத் தருவது தொண்டர்களின் பணி என்றால், அதைத் தேடி வட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் வருவது நிதி வைத்திருப்போரின் பணி.