மழை கேட்டு ஒரு தொழுகை... மழை போதும் என்றும் ஒரு பிரார்த்தனை!

சென்னைவாசிகள் 2019-ம் ஆண்டு ஜூன் மாதத்தை லேசில் மறந்திருக்க மாட்டார்கள்.

தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. "லாரி வந்துச்சா?" என்பதுதான் காலையில் முதல் பேச்சு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11 ஆயிரம் மில்லியன் கன அடிக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். அந்த ஜூனில் நான்கிலும் சேர்த்து அதில் ஒரு சதவீதம் கூட இல்லை!

சில ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டையே நிறுத்தினார்கள். ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரெயில் ஒன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மந்திரிகளுக்குக் கொடுக்கும் வரவேற்பு அன்று தண்ணீர் ரெயிலுக்குக் கிடைத்தது.

அந்தக் கோடையில் கோவில்களில் யாகமும் வருண ஜெபமும் நடந்தன. தேவாலயங்களில் ஜெபம் செய்தார்கள். முஸ்லிம்கள் திறந்தவெளியில் கூடி மழைத் தொழுகை நடத்தினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பாயாக இருந்தாலும், மழைத் தொழுகை என்றால் என்ன, எப்படித் தொழுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ரம்ஜான் தொழுகை தெரியும். பக்ரீத் தொழுகை தெரியும். இது தெரியாது. ஏனென்றால் இதற்கு காலண்டரில் தேதி கிடையாது. வானம் ஏமாற்றும்போது மட்டும் வருகிற தொழுகை இது.

குடிக்கத் தண்ணீர் கேட்பது

அரபு மொழியில் இதற்கு 'இஸ்திஸ்கா' என்று பெயர். குடிக்கத் தண்ணீர் கேட்பது என்று பொருள். மோசஸ் என்று கிறிஸ்தவர்கள் சொல்லும் மூசா நபி, தாகத்தில் தவித்த தன் மக்களுக்காகத் தண்ணீர் கேட்டார். கைத்தடியால் பாறையை அடித்ததும் 12 ஊற்றுகள் கிளம்பின என்று குர்ஆன் சொல்கிறது. அந்த இடத்தில் வருவதும் இதே வேர்ச்சொல்தான்.

தொழுகை சுருக்கமானது. இரண்டே ரக்அத். பாங்கு சொல்வதில்லை. பள்ளிவாசலுக்குள் அல்லாமல், பெருநாள் தொழுகை போல ஊருக்கு வெளியே மைதானத்தில் தொழுவதுதான் வழக்கம். சூரியன் கிளம்பிய பிறகு காலை நேரத்தில் நடக்கும். இமாம் ஓர் உரையும் நிகழ்த்துவார்.

ஆனால் பெருநாளுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெருநாளில் புதுத்துணி, அத்தர், தலையில் பூப்போட்ட தொப்பி என்று ஜோராகக் கிளம்புவார்கள். மழைத் தொழுகைக்கு அதெல்லாம் கூடாது. சாதாரண உடுப்பில், அத்தர் பூசாமல், தலையைத் தாழ்த்திக்கொண்டு போக வேண்டும். வயசானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சட்ட நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். தாகம் அவற்றுக்கும்தானே!

உரையின் நடுவே இமாம் மக்களுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்புவார். தோளில் கிடக்கும் மேல்துண்டை எடுத்து, வலது பக்கத்தை இடது பக்கமாக மாற்றிப் போடுவார். எதிரே இருப்பவர்களும் அவரைப் பார்த்துத் தங்கள் துண்டை மாற்றிக்கொள்வார்கள். நபிகள் நாயகம் மதீனாவில் அப்படிச் செய்தார் என்பதால் வந்த பழக்கம். 'இந்த நிலைமை இப்படியே தலைகீழாக மாறட்டும்' என்பதற்கு அடையாளம் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கம் சொல்வார்கள்.

கையேந்துவதிலும் ஒரு விசேஷம். வழக்கமான துஆவில் உள்ளங்கை வானத்தைப் பார்க்கும். மழை கேட்கும்போது நாயகம் கைகளை ரொம்ப உயரத் தூக்கி, புறங்கை வானத்தைப் பார்க்கும்படி வைத்தார் என்று ஹதீஸ் இருக்கிறது. அதைப் பின்பற்றி இன்றும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

இதில் ஒரு சட்டப்பிரச்சினையும் உண்டு. தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபி மத்ஹபைப் பின்பற்றுகிறார்கள். உள்நாட்டு ஊர்களில் ஹனபிகள் அதிகம். ஷாபிகள் பெருநாள் தொழுகை போலவே முதல் ரக்அத்தில் 7 தக்பீர், இரண்டாவதில் 5 தக்பீர் கூடுதலாகச் சொல்வார்கள். இமாம் அபூ ஹனீபாவோ, மழைக்கு என்று ஜமாஅத்தாகத் தனித் தொழுகை நபிவழி அல்ல, பாவமன்னிப்பும் பிரார்த்தனையும்தான் முக்கியம் என்றார். அவருடைய முக்கிய சீடர்களான அபூ யூசுபும் முஹம்மதுவும் குருநாதர் சொன்னதை ஒப்பவில்லை! இரண்டு ரக்அத் தொழ வேண்டும் என்றார்கள். ஹனபிகள் பெரும்பாலும் சீடர்கள் பக்கம்தான்.

கடனைக் கொடுத்துவிட்டு வா!

இது வரை சொன்னது வெளி விவகாரம். உண்மையில் கஷ்டமானது தொழுகைக்கு முன்னால் இருக்கிறது.

மைதானத்துக்குப் போகும் முன்பு மூன்று நாள் நோன்பு வைக்கச் சொல்கிறது ஷாபி சட்டம். அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்தான் ஆளை அசத்துகிறது. யாருக்காவது பாக்கி இருந்தால் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவன் பொருளை வைத்திருந்தால் திருப்பித் தர வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாமல் முறுக்கிக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பி, பங்காளிகள் சமாதானமாக வேண்டும். ஏழைகளுக்கு தர்மம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் வானத்தைப் பார்த்துக் கையை நீட்டலாம்!

கடைத்தெருவில் இருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய நபிமொழி ஒன்றும் உண்டு. அளவையிலும் எடையிலும் மோசடி செய்கிற சமுதாயத்தைப் பஞ்சம் பிடிக்கும். ஜக்காத் கொடுக்காமல் பதுக்கினால் வானத்து மழை தடுக்கப்படும். வாயில்லா ஜீவன்கள் மட்டும் இல்லாவிட்டால் அவர்களுக்கு மழையே கிடைக்காது. இதுதான் அதன் சாரம்.

அதாவது ஊரே செய்கிற தப்புக்கு நடுவில், பெய்கிற மழை ஆடு மாடுகளுக்காகப் பெய்கிறது! இதையொட்டி எறும்பு கதை ஒன்றும் சொல்வார்கள். முன் காலத்து நபி ஒருவர் மழை கேட்க மக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஓர் எறும்பு மல்லாந்து படுத்து, கால்களை வானத்தை நோக்கித் தூக்கியபடி இருந்தது. அதைப் பார்த்ததும், வேறொருவரின் வேண்டுதலால் வேலை முடிந்துவிட்டது, திரும்புங்கள் என்று சொல்லிவிட்டாராம். அந்த நபி சுலைமான் என்று சொல்வது வழக்கம்.

நூஹ் நபி தன் மக்களிடம், இறைவனிடம் பாவமன்னிப்புக் கேளுங்கள், அவன் வானத்தில் இருந்து தாரை தாரையாக அனுப்புவான் என்று சொன்னதாகக் குர்ஆனில் வருகிறது. மழைத் தொழுகையில் இமாம் 'மழை கொடு' என்பதை விட 'மன்னித்துவிடு' என்பதை அதிக தடவை சொல்வதற்கு இதுதான் காரணம்.

நெய்யைத் தொடாத கலீபா

பஞ்சத்தில் தொழுகையோடு நின்றுவிடலாமா என்று கேட்டால், கலீபா உமர் கதையைச் சொல்ல வேண்டும்.

ஹிஜ்ரி 18-ம் ஆண்டு, அதாவது கி.பி. 639. அரபு நாட்டில் கொடிய பஞ்சம். காற்று அடித்தால் மண் சாம்பலாகப் பறந்ததாம். 'சாம்பல் ஆண்டு' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பாலைவனத்து மக்கள் கூட்டம் கூட்டமாக மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

உமர், நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸை முன்னால் நிறுத்தி மழைக்குப் பிரார்த்தனை செய்ய வைத்தார். அதோடு விடவில்லை. வெளி மாகாண கவர்னர்களுக்கு ஆள் அனுப்பி தானியம் வரவழைத்தார். பெரிய பெரிய பாத்திரங்களில் சமைத்து வந்தவர்களுக்கெல்லாம் போட்டார். ஜனங்கள் வயிறு நிறையும் வரை நெய்யும் இறைச்சியும் எனக்கு வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்தார். பசிக்குத் திருடியவனுக்குக் கை வெட்டும் தண்டனையையும் அந்த ஆண்டு நிறுத்தி வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை... மறு வெள்ளிக்கிழமை!

மழைப் பிரார்த்தனை பற்றிய சம்பவங்களில் முஸ்லிம்கள் அதிகம் சொல்வது, நாயகத்திடம் பணியாளாக இருந்த அனஸ் சொன்ன சம்பவம். சென்னைக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

மதீனா பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை. நாயகம் மேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு நாட்டுப்புறத்து ஆள் நேரே உள்ளே வந்தான். பேச்சின் நடுவிலேயே குறுக்கிட்டு, கால்நடைகள் செத்துப் போகின்றன, வழி எல்லாம் அடைபட்டுவிட்டது, மழைக்குக் கேளுங்கள் என்று முறையிட்டான். நாயகம் கோபப்படவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கினார்.

வானம் கண்ணாடி மாதிரி துல்லியமாக இருந்தது. ஊருக்குப் பக்கத்தில் ஸல்உ என்று ஒரு மலை. அதன் பின்னால் இருந்து ஒரு கேடயம் அளவுக்கு மேகம் தலைகாட்டியது. நடுவானத்துக்கு வந்ததும் விரிந்தது. பிடித்ததே மழை! ஈச்ச ஓலைக் கூரை ஒழுகி, மேடையை விட்டு இறங்கும் முன்பே நாயகத்தின் தாடியில் தண்ணீர் சொட்டியது. ஒரு வாரம் சூரியனைக் காணவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. மறுபடியும் அதே போல ஓர் ஆள் உள்ளே வந்தான். வீடு இடிகிறது, பொருள் நாசம், வழி அடைபட்டுவிட்டது, நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள் என்றான். நாயகம் சிரித்தார்.

ஆனால் மழையை அடியோடு நிறுத்தும்படி அவர் கேட்கவில்லை. இதுதான் கவனிக்க வேண்டிய இடம். எங்களைச் சுற்றிலும் பெய்யட்டும், எங்கள் தலைமேல் வேண்டாம்; குன்றுகளில், பள்ளத்தாக்குகளில், மரம் முளைக்கும் இடங்களில் பெய்யட்டும் என்ற கருத்தில் கேட்டார். மேகம் ஊருக்கு மேலே மட்டும் விலகி வட்டமாக நின்றது. வெயிலில் வீட்டுக்கு நடந்து போனார்கள். பக்கத்து ஓடையில் ஒரு மாதம் தண்ணீர் ஓடியது!

நீர் மேலாண்மை இன்ஜினீயரைக் கேட்டாலும் இதைத்தானே சொல்வார்? ஊருக்குள் வேண்டாம், நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யட்டும் என்று!

சென்னை இந்த இரண்டு வெள்ளிக்கிழமையையும் நாலு வருஷ இடைவெளியில் பார்த்த ஊர். ஆனால் இங்கே வரிசை மாறிவிட்டது. வெள்ளம் முதலில், வறட்சி பிறகு. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி பிடித்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கத்தில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் மாடி வரை தண்ணீர். அந்த வாரம் பல பள்ளிவாசல்களில், தொழுகைக்குப் பாய் விரிக்கிற இடத்தில் வீடிழந்தவர்கள் படுத்திருந்தார்கள். என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு கோவிலுக்குள் புகுந்த சேற்றை முஸ்லிம் இளைஞர்கள் வாரிக் கொட்டியதும் பத்திரிகைகளில் வந்தது.

அதே செம்பரம்பாக்கம்தான் 2019-ல் வெடித்துக் கிடந்தது.

துபாய்ப் பக்கமும் இதே கூத்து! 2024-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந்தேதி அங்கே 75 ஆண்டுகளில் காணாத மழை. ஏர்போர்ட் ஓடுதளம் குளமாகிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் எடுத்து அனுப்பிய படங்களை இங்கே வாய் பிளந்து பார்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், நாடு முழுவதும் மழைத் தொழுகை நடத்தும்படி அமீரக அதிபர் அழைப்பு விடுத்தார். சவுதியில் மன்னர் அறிவித்ததும் மக்கா, மதீனா உள்பட எல்லா ஊர்களிலும் தொழுவது வழக்கம்.

கருமேகம் கண்டால் கவலை

மழை வந்தாலும் துஆ முடிவதில்லை. கருமேகம் திரண்டால் ஊரே சந்தோஷப்படும். நாயகத்தின் முகம் மட்டும் மாறிவிடும், உள்ளே போவார், வெளியே வருவார் என்று அவருடைய மனைவி ஆயிஷா சொல்லியிருக்கிறார். ஆது என்ற பழைய கூட்டத்தார் மேகத்தைப் பார்த்து மழை என்று மகிழ்ந்தார்கள், வந்தது அழிவுக்காற்று. அந்தக் கவலை அவருக்கு. அதனால்தான் தூறல் விழுந்ததும், இது பயன் தருகிற மழையாக இருக்கட்டும் என்று கேட்பார். வெறும் மழை அல்ல, பயன் தருகிற மழை!

பயம் தெளிந்துவிட்டால் மழையில் நனையவும் தயங்கமாட்டார். ஒரு தடவை மேலாடையைக் கொஞ்சம் விலக்கி உடம்பில் மழை படும்படி நின்றார். ஏன் என்று கேட்டபோது, இது இறைவனிடம் இருந்து இப்போதுதான் வந்த புது வரவு என்ற கருத்தில் பதில் சொன்னார்.

கி.பி. 628-ல் ஹுதைபியா என்ற இடத்தில் தங்கியிருந்தபோது இரவில் மழை. விடிந்ததும் தொழுகை முடித்துத் திரும்பி, இறைவனின் அருளால் மழை பெய்தது என்று சொல்பவன் விசுவாசி, இன்ன நட்சத்திரத்தால் பெய்தது என்பவன் அப்படி அல்ல என்று விளக்கினார். மழை பெய்து முடிந்ததும் 'இறைவன் அருளால் பெய்தது' என்று முஸ்லிம்கள் அரபியில் சொல்லும் வழக்கம் அதில் இருந்து வந்ததுதான்.

அடைமழைக்குச் சலுகையும் இருக்கிறது. நாயகத்தின் காலத்தில், வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு சேர்த்து அறிவிப்பார்கள். பள்ளிவாசலுக்கு வந்துவிட்டவர்கள் மழை விடாமல் அடித்தால், சூரியன் மறைந்ததும் தொழும் மக்ரிபோடு இரவுத் தொழுகையான இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டுக் கிளம்பலாம் என்று ஷாபி சட்டம் அனுமதிக்கிறது. ஹனபி பள்ளிவாசல்களில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே தொழுகிறவர்கள் மறுபடியும் குடையைப் பிடித்துக்கொண்டு இஷாவுக்கு வர வேண்டியதுதான்!