கிராமங்களில் தீ விபத்தும் உள்ளூர்த் தீயணைப்புக் குழுவும்

சம்பா அறுவடை முடிந்து களங்களில் வைக்கோற்போர் எழும்பும் தை, மாசி மாதங்கள் முதல் கத்திரி வெயில் கழியும் வரையில், கிராமங்களில் தீ விபத்துக்கு ஏதுவான காலம் என்பது யாவரும் அறிந்ததே. ஒரு வருஷத்து மாட்டுத் தீவனம் முழுவதும் ஒரே போரில் அடங்கியிருக்கிறது. அதன் பக்கத்தில் கீற்றுக் கொட்டகையும், கொட்டகையில் கறவை மாடுகளும், அடுத்து வீடும் இருப்பது வழக்கம். ஆகையால் ஒரு பொறி விழுந்தால் நஷ்டம் போரோடு நிற்பதில்லை.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் இவ்வபாயம் முன்னிலும் அதிகப்பட்டிருக்கிறது. திருநின்றவூர், நேமம், வெள்ளவேடு முதலிய இடங்களில் நன்செய் நிலங்களுக்கு இடையிடையே வீட்டுமனைகள் போடப்பட்டுள்ளன. வீடு கட்டப்படாத மனைகளில் மழைக்காலத்தில் முளைத்த புல் கோடையில் ஆளுயரம் காய்ந்து நிற்கிறது. அங்கே குப்பைக்கு வைத்த நெருப்பு வரப்பைத் தாண்டிக் களத்துக்கு வருவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

தீயணைப்பு வண்டி வருமுன்

சென்னை நகரத்தில் தீயணைப்புப் படை 1908-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இப்போது தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் கீழ் முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் நிலையங்கள் உண்டு. எனினும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கிராமத்துக்கு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு 16 நிமிஷம் வேண்டும். செய்தி சொல்லும் நேரம், நெடுஞ்சாலை நெரிசல், ரயில்வே கேட், குறுகிய களத்துவழி இவற்றைச் சேர்த்தால் இன்னும் தாமதம் ஆகும். காய்ந்த கீற்றுக் கூரையோ சில நிமிஷங்களில் எரிந்து விழுந்துவிடும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டதை இந்நாட்டார் மறக்கவில்லை. கூரைத் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதனால் விளங்குவது யாதெனில், முதற் பத்து நிமிஷத்துக்கு அக்கிராமத்தாரே தீயணைப்போர் என்பதாம். அவர்கள் பயிற்சி பெற்றவர்களா, பெறாதவர்களா என்பதே கேள்வி.

பிறநாட்டு அனுபவம்

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 1939-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக் காட்டுத்தீயில் 71 பேர் இறந்தனர். 1944-இலும் கடுந்தீ உண்டாயிற்று. ஒவ்வோரூரும் தனித்தனியே பாடுபடுவதால் பயனில்லை என்று கண்டு, 1945-இல் நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் என்ற பொது நிறுவனத்தை அம்மாநிலத்தார் அமைத்தனர். விவசாயிகளும் கடைக்காரர்களும் சம்பளமின்றித் தத்தம் ஊர்ப்படையில் சேர்ந்து பயிற்சி பெறுகின்றனர். கருவியும் பயிற்சியும் ஆணையம் தருகிறது. ஆள் ஊரைச் சேர்ந்தவன், முறை எல்லா ஊருக்கும் ஒன்று என்பதே அவ்வேற்பாட்டின் சாரம்.

நம் நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் ‘ஆப்த மித்ரா’ என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் 30 மாவட்டங்களிலும், பின்னர் விரிவாக்கி 350 மாவட்டங்களிலும் தொண்டர்களுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி கொடுக்க ஏற்பாடாயிற்று. இத்தகைய முயற்சியின் பயன் கிராமத்துக்குள் வரவேண்டுமானால் கிராமத்தாரே முன்வந்து ஆட்களைத் திரட்ட வேண்டும்.

குழு அமைக்கும் விதம்

ஒரு கிராமத்துக்குப் பன்னிரண்டு பேர் போதும். பகலில் வேலைக்கு வெளியூர் செல்பவர்களை மட்டும் சேர்த்தால் பகல் தீக்கு ஆளிராது. ஆகையால் பகலில் ஊரிலிருப்போர் பாதிக்குக் குறையாமல் இருக்கவேண்டும். ஸ்திரீகளும் இதில் சேருதல் நலம். வேலைப் பங்கீடு பின்வருமாறு:

1. தலைவர் ஒருவர். இவர் தாம் அணைக்கப் போகாமல், காற்றின் திசையையும் ஆட்களையும் கவனித்து உத்தரவு கொடுக்கவேண்டும்.
2. செய்தி சொல்வோர் இருவர். ஒருவர் 101 அல்லது 112 என்ற எண்ணுக்குப் பேசி, ஊர்ப்பெயர், அடையாளம், எரிவது இன்னது, வண்டி வரும் வழி, அருகிலுள்ள நீர்நிலை ஆகியவற்றைச் சொல்லவேண்டும். மற்றவர் சாலை முனையில் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும்.
3. மின்சாரத்தை நிறுத்தவும், மாடுகளை அவிழ்த்து விடவும், முதியோரையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்தவும் இருவர்.
4. தண்ணீர் கொண்டுவர நால்வர்.
5. கொக்கி, மணல், ஈரச்சாக்கு இவற்றைக் கையாள மூவர்.

வேண்டிய சாமான்கள்

வாளி 12, மணல் நிரப்பிய வாளி 4, நீண்ட மூங்கிற் கழியில் இரும்புக் கொக்கி பூட்டியது 2, சாக்கு 10, ஏணி 1, அரிவாள் 2, கயிறு, கைவிளக்கு ஆகியவை ஒரே இடத்தில் இருக்கவேண்டும். எரியும் கீற்றை இழுத்துத் தள்ளவும், அடுத்த வீட்டுக் கூரையை முன்னதாகப் பிரித்து விடவும் கொக்கி உதவும். விவசாயிகளிடமுள்ள முதுகுத் தெளிப்பான் புல் தீக்கும், பறந்து விழும் பொறிகளுக்கும் மிக உபயோகமானது. ஆனால் பூச்சிமருந்து இல்லாமல் நன்றாகக் கழுவிய பின்பே எடுக்கவேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தியவுடன் மின் பம்பு ஓடாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆகையால் ஊரில் டீசல் இயந்திரம் யாரிடம் உள்ளது, அதன் குழாய் எவ்வளவு தூரம் எட்டும் என்று முன்னமே அறிந்து வைத்தல் அவசியம். தீயணைப்பு வண்டி கொண்டுவரும் தண்ணீர் சுமார் 4,500 லிட்டரே. அது சில நிமிஷங்களில் தீர்ந்துவிடுமாதலால், கோடையிலும் வற்றாத கிணறோ குட்டையோ எது என்று குறித்து, வண்டி அதனருகே செல்லும் பாதையைச் சீர்படுத்தி வைக்கவேண்டும்.

அணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

இவ்வட்டாரத்தில் கோடை முற்பகலில் மேல்காற்று வீசும்; பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து புகுந்தவுடன் தீயின் போக்கு மாறிவிடும். முற்பகலில் பத்திரமாயிருந்த பக்கம் பிற்பகலில் அபாயமாகும். ஆதலால் காற்று வரும் பக்கத்தில் நின்றே அணைக்கவேண்டும். பின்வாங்கும் வழியையும் வைத்துக் கொள்ளவேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தனர். காய்ந்த புல்லிடையே தீயின் வேகத்தோடு மனிதன் ஓடிப் போட்டியிட இயலாது.

எண்ணெய்த் தீயின்மேலும், மின்சாரம் ஓடும் கம்பியின்மேலும் தண்ணீர் ஊற்றலாகாது; மணலே தக்கது. ஒருவர் துணியில் தீப்பிடித்தால் ஓடவிடாமல் படுக்கவைத்துக் கம்பளியால் மூடி உருட்டவேண்டும். புண்ணின்மேல் மாவும் மையும் பூசாமல், சுத்தமான குளிர்ந்த நீரை இருபது நிமிஷம் ஊற்றி, வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். புகை சூழ்ந்த கட்டடத்துக்குள்ளும், ரசாயனம் வைத்துள்ள தொழிற்சாலைக்குள்ளும் குழுவினர் நுழையவே கூடாது. அது துறையினரின் வேலை.

வைக்கோற்போர் தானே பற்றுதல்

ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் நுண்ணுயிர்களின் செயலால் உள்ளே சூடு ஏறும். அது 70 டிகிரி அளவுக்கு உயர்ந்தபின் ரசாயன மாறுதலால் மேலும் ஏறி, சில வாரங்களுக்குப் பின்னும் போர் தானே பற்றக்கூடும். சந்தேகமிருந்தால் நீண்ட கடப்பாரையைப் போரின் நடுவில் செருகிச் சற்று நேரம் கழித்து இழுத்துத் தொட்டுப் பார்க்கலாம். கைபொறுக்காத சூடோ, புளித்த வாடையோ, புகையோ இருந்தால் அவசரப்பட்டுப் பிரிக்கலாகாது; உள்ளே காற்றுப் புகுந்தவுடன் தீ கிளம்பும். முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, தண்ணீருடன் ஆட்களை நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கு வருமுன் காப்பது எளிது: வைக்கோலை நன்றாகக் காயவைத்தல், ஒரே பெரும்போராகப் போடாமல் இரண்டாகப் போட்டு இடைவெளி விடுதல், வீட்டுக்கும் மின்கம்பிக்கும் எட்டப் போடுதல், போரைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி நான்கு முழத்துக்குக் குறையாமல் வெறுந்தரையாக வைத்தல்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் தை மாதத்துக்குள் பன்னிருவர் பட்டியலைத் தயாரித்து, அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அதிகாரிக்கு எழுதி, ஒருநாள் செயல்முறைப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம். 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் தீயை அணைக்கச் சென்று மாண்ட வீரர்களின் நினைவாக ஒவ்வோராண்டும் அந்நாளில் தொடங்கித் தீத்தடுப்பு வாரம் நடைபெறுகிறது. குழுவை மறுபடி கூட்டி ஒத்திகை பார்க்க அவ்வாரமே தகுந்த சமயம். ஒத்திகையில்லாத குழு காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

ஒரு போர் வைக்கோலின் விலையை மறுபடி சம்பாதித்து விடலாம். கயிற்றில் கட்டிய மாடும், தூங்கும் குழந்தையும் போனால் திரும்புவதில்லை. இவ்வாண்டு அறுவடைக்கு முன்னரே ஒவ்வொரு கிராமமும் தன் பன்னிருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.