சிறு மோதலும் சட்டமும்

"ஒன்றும் ஆகவில்லை" என்பது சாலையில் அடிக்கடி கேட்கும் சொல். மோட்டார் வண்டி ஒன்று சைக்கிளை உரசிவிடுகிறது. சைக்கிளில் வந்தவன் கீழே விழுகிறான். முழங்காலில் சிராய்ப்பு, சக்கரத்தில் சிறு கோணல். வண்டிக்காரர் ஐம்பது வெள்ளியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறார். இருவரும் அத்தோடு விவகாரம் முடிந்ததென எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. ஏன் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மலேசியாவில் இதனை ஆள்வது 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதன் வழி நோக்கினால் ஒரே மோதலிலிருந்து மூன்று வினாக்கள் பிறக்கின்றன. மோதிய பின் ஓட்டுநர் என்ன செய்தார்? மோதுவதற்கு முன் எவ்வாறு ஓட்டினார்? நேர்ந்த நட்டத்தை யார் ஈடு செய்வது? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம்.

முதல் வினாவுக்கு 52 ஆம் பிரிவு விடை கூறுகிறது. ஒருவருக்குக் காயமோ, ஒரு பொருளுக்குச் சேதமோ நேர்ந்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். தம் பெயர், முகவரி ஆகியவற்றைத் தர வேண்டும். தம்மால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும். இயன்ற விரைவில், எப்படியும் 24 மணி நேரத்திற்குள், அண்மையிலுள்ள போலீஸ் நிலையத்தில் அறிவிக்க வேண்டும். தவறு யாருடையது என்பது இங்கே கேள்வியே அன்று. சைக்கிள்காரன் குறுக்கே பாய்ந்திருந்தாலும் இக்கடமை நீங்காது. ஐம்பது வெள்ளியும் அதனை நீக்காது.

இரண்டாவது, ஓட்டிய முறை. போதிய கவனமின்றியோ, சாலையில் செல்லும் பிறரைக் கருதாமலோ ஓட்டியிருந்தால் 43 ஆம் பிரிவு குறுக்கிடும். அதற்கு 4,000 வெள்ளிக்குக் குறையாமலும் 10,000 வெள்ளிக்கு மேற்படாமலும் அபராதம் உண்டு; 12 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். காயம் சிறிதாயிருப்பது குற்றத்தைத் துடைத்துவிடாது. மோதலின் விளைவையன்றி, ஓட்டியவரின் நடத்தையையே இப்பிரிவு அளக்கிறது.

மூன்றாவது, நட்டஈடு. அபராதம் அரசாங்கத்தைச் சேரும். அடிபட்டவனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. அவன் நட்டஈடு பெறும் வழி வேறு. பிறர்க்கு நேரும் உடற்காயத்திற்காக வண்டி காப்புறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இருவர் மேலும் தவறிருப்பின், 1956 ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 12 ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிடும். எடுத்துக்காட்டாக, நட்டம் 10,000 வெள்ளி, சைக்கிள்காரனின் தவறு பத்தில் மூன்று பங்கு எனக் கொண்டால், அவனுக்குக் கிடைப்பது 7,000 வெள்ளி.

அப்படியிருக்க, ஓட்டுநர்கள் ஏன் மறைக்கின்றனர்? ஒரு காரணம், காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு. கோரிக்கை எதுவுமின்றி ஆண்டுகள் கழிந்தால் தனியார் காருக்கு இது 55 விழுக்காடு வரை உயரும். அதனை இழக்க மனம் வருவதில்லை. ஆனால் தலையில் பட்ட அடி சில மணி நேரங் கழித்தும் தன் வேலையைக் காட்டலாம். மறுநாள் சைக்கிள்காரன் மருத்துவமனையில் கிடக்க, அவன் வீட்டார் போலீசில் புகார் செய்தால், உதவ நினைத்தவரும் ஓடி ஒளிந்தவராகக் காட்சியளிப்பார். உரிய காலத்தில் செய்த அறிவிப்பே அவருக்குக் கவசம்.

அடிபட்டவன் 18 வயது நிரம்பாத சிறுவனாயின் மற்றொன்றும் கருதத் தக்கது. அவனது நட்டஈட்டு வழக்கில் செய்துகொள்ளும் சமரசம் நீதிமன்றத்தின் இசைவு பெற்றால்தான் செல்லும். சாலையோரத்தில் நீட்டப்படும் பணத்தைப் பிள்ளை வாங்கிக்கொண்டதால் அவன் உரிமை விலைபோய்விடாது.

பள்ளிக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இதனை எளிய முறையில் சொல்லிவைத்தல் நலம். விழுந்தால் வெட்கப்பட்டு ஓடாதே, வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள், பணம் வாங்காதே, வீட்டில் மறைக்காதே. பெற்றோர் அன்றே மருத்துவரிடம் காட்டிப் போலீசிலும் அறிவிக்கட்டும். இந்நான்கு சொற்களும் ஒரு பாடவேளையில் கால்பங்கைக் கூட எடுத்துக்கொள்ளா.