உப்பைக் கொடுத்து நோட்டைத் திரும்ப வாங்கிய வங்கித் தலைவர்

1932 பிப்ரவரி 1. தென்கிழக்குச் சீனாவில், ஜியாங்ஷி மாகாணத்து ருய்ஜின் பக்கம் யேபிங் என்ற கிராமத்தில், ஒரு விவசாயி வீட்டில் தேசிய வங்கி ஒன்று திறந்தது. தலைவரையும் சேர்த்து ஆள் 5 பேர். தாங்கள் பிடித்து வைத்திருந்த மலைப்பகுதியைக் கம்யூனிஸ்ட்டுகள் ‘சீன சோவியத் குடியரசு’ என்று அறிவித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வங்கித் தலைவர் மாவோ ஜெமின், மா சே துங்கின் தம்பி.

அண்ணன் தயவில் கிடைத்த நாற்காலி என்றுதான் எவருக்கும் தோன்றும். கேஷ் கவுன்ட்டரிலேயே காலத்தைக் கழித்த எனக்கு, இவர் செய்த வேலையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

1896இல் ஹூனான் மாகாணம் ஷாவோஷானில் பிறந்தவர். அண்ணன் படிக்கப் போய்விட, நிலம், நெல், கடன் எல்லாவற்றையும் வீட்டோடு இருந்து கவனித்தவர் இவர்தான். பள்ளிப் படிப்பு கொஞ்சம். 1921இல் அண்ணன் கூப்பிட்டு சாங்ஷா நகரத்துக்கு வந்தார், மறு வருஷம் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1923இல் ஆன்யுவான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தொழிலாளர்களிடமே பங்குத்தொகை வாங்கி நடந்த கூட்டுறவுப் பண்டகசாலைக்கு அவர் மேலாளர். அரிசி, எண்ணெய், உப்பு எல்லாம் வெளிக்கடையைவிட மலிவு. பிறகு சில வருஷம் ஷாங்காயில் கட்சியின் புத்தக வெளியீட்டு வேலை.

ருய்ஜினில் காத்திருந்தது நிஜமான தலைவலி. வெள்ளி நாணயம், செப்புக்காசு, தளபதிகள் ஆளுக்கொன்றாக அடித்த நோட்டு என்று சந்தையில் பல பணம் புழங்கிக்கொண்டிருந்தது. ஒரே நோட்டு கொண்டுவர வேண்டும். வரைந்து கொடுக்க ஓவியர் வேண்டும். ஹுவாங் யாகுவாங் என்பவர் கிடைத்தார். கட்சிக்குள்ளேயே நடந்த களையெடுப்பில் மரண தண்டனை வரை போய் உயிர் தப்பியவர் அவர். 1 யுவான் நோட்டில் லெனின் படம் போட்டார். கள்ள நோட்டைத் தடுக்க மாவோ ஜெமின் செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். காகிதக் கூழில் மெல்லிய கம்பளி இழைகளைக் கலக்கச் சொன்னாராம். வெளிச்சத்தில் பிடித்தால் இழை தெரியும். கொளுத்தினால் ரோமம் கருகும் நாற்றம் வரும். கருவி எதுவும் தேவையில்லை, சந்தைக் கிழவிகூடச் சோதித்துவிடலாம்.

நோட்டுக்குப் பின்னால் சரக்கு வேண்டுமே? அந்த மலைகளில் டங்ஸ்டன் இருந்தது. எஃகைக் கடினப்படுத்த உதவும் உலோகம், ஆயுத ஆலைகளுக்கு அவசியம். டங்ஸ்டன் நிறுவனத்தின் பொறுப்பும் மாவோ ஜெமினிடம் வந்தது. அந்த மலைப்பகுதியை முற்றுகை போட்டிருந்த அரசுத் தரப்பிலேயே இருந்த குவாங்டாங் தளபதி சென் ஜிதாங்கின் ஆட்களோடு ரகசியமாக வியாபாரம் நடந்தது. தாது அந்தப் பக்கம் போனது, உப்பும் துணியும் இந்தப் பக்கம் வந்தன. இருந்தும் போர்ச் செலவு விடவில்லை. கையிருப்புக்கு மேல் நோட்டு அடிக்க வேண்டியதாகி, மதிப்பு சரிந்தது.

முற்றுகை இறுகியதால், 1934 அக்டோபரில் கம்யூனிஸ்ட்டுகளின் செஞ்சேனை ருய்ஜினை விட்டுக் கிளம்பியது. வங்கியும் கூடவே கிளம்பியது. தங்கம், வெள்ளி, நோட்டுக் கட்டு, அச்சுக் கருவிகள் எல்லாம் சுமைக்காரர்களின் தோளில். 1935 ஜனவரியில் குய்ஜோ மாகாணத்து சூன்யி நகரத்தைப் பிடித்தார்கள். அங்கே தங்கியது இரண்டு வாரத்துக்கும் குறைவு. நாளைக்கே எழுந்து போகப்போகிற பட்டாளத்தின் நோட்டை எந்தக் கடைக்காரன் வாங்குவான்?

மாவோ ஜெமின் உப்பில் கை வைத்தார். குய்ஜோவில் உப்பு விளையாது. வெளியிலிருந்து வரும் உப்பைப் பெரும்புள்ளிகள் பதுக்கி யானை விலை சொல்வார்கள். செஞ்சேனை கைப்பற்றிய உப்பு மலிவு விலைக்கு வந்தது. வாங்க வேண்டுமானால் செஞ்சேனை நோட்டு வேண்டும். உடனே ஊரே அந்த நோட்டைத் தேட ஆரம்பித்தது. சிப்பாய்கள் நோட்டைக் கொடுத்துப் பொருள் வாங்க, கடைக்காரர்கள் அதைக் கொடுத்து உப்பு வாங்கினார்கள்.

பட்டாளம் கிளம்பும் நேரம் வந்தது. சத்தமில்லாமல் போயிருக்கலாம், ஜனங்கள் கையில் மிஞ்சுவது வெறும் காகிதம். அப்படிச் செய்யவில்லை. அவசர அவசரமாக மாற்று நிலையங்களைத் திறந்து, வெள்ளியும் உப்பும் கொடுத்து நோட்டைத் திரும்ப வாங்கினார்கள். எதிரி நெருங்கும்போது கவுன்ட்டர் திறந்து எண்ணி எண்ணிக் கொடுப்பது லேசான காரியமா? ருய்ஜின் ஜனங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்கள் ஒளித்து வைத்திருந்த நோட்டுகளுக்குப் பணம் கிடைத்தது 1949க்குப் பிறகுதான்.

1938இல் மாவோ ஜெமின் சிகிச்சைக்காக மாஸ்கோ போகிற வழியில் சின்ஜியாங்கில் இறங்கினார். அப்போது கட்சியோடு நட்பாக இருந்த தளபதி ஷெங் ஷிசாயின் ஆட்சி அது. ஜோ பின் என்ற பெயரில் மாகாண நிதித்துறையை ஏற்றார். அங்கே பழைய நோட்டு அதலபாதாளத்தில் கிடந்தது: தேயல் என்ற பழைய அலகில் 4,000க்கு 1 புதிய யுவான் என்று மாற்றிக் கொடுத்தார்.

ஷெங் பிறகு கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராகத் திரும்பினார். 1942 செப்டம்பரில் மாவோ ஜெமினைக் கைது செய்து, ஒரு வருஷம் சித்திரவதை செய்து, 1943 செப்டம்பர் 27 அன்று சென் தான்சியு, லின் ஜிலு ஆகியோருடன் ரகசியமாகக் கொன்றார்கள். வயது 47.

யேபிங் கிராமத்து ஐவரில் ஒருவரான சாவ் ஜூரு, 1954இல் சீன மக்கள் வங்கியின் தலைவரானார். பத்து வருஷம் அந்தப் பதவியில் இருந்தார்.