ஒரு வக்கீலின் சறுக்கல்



'பெட்டர் கால் சால்' என்பது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 2015 முதல் 2022 வரை 63 பகுதிகளாக வந்தது. ஜிம்மி என்ற சாதாரண வக்கீல், முதியோர் குடியிருப்பு ஒன்றில் பெரியவர்களிடம் அதிகப் பணம் பிடுங்குவதைக் கண்டுபிடிக்கிறார். இயந்திரத்தில் போட்டு நார் நாராகக் கிழித்த கணக்குத் தாள்களைக் குப்பைத் தொட்டியிலிருந்து அள்ளிவருகிறார். அவரும் அவருடைய அண்ணனுமாக உட்கார்ந்து அவற்றை ஒட்டிச் சேர்க்கிறார்கள். முதியவர்கள் மேல் அத்தனை அக்கறை! அதே மனிதர்தான் சின்னச் சின்னப் பொய்களில் கை பழகி, கடைசியில் போதைக் கும்பலின் வக்கீலாகி, 86 ஆண்டு சிறைத்தண்டனை பெறுகிறார்.

நமக்கு இது புதிய கதையல்ல. 1973-ல் வந்த 'கௌரவம்' படத்தின் பாரிஸ்டர் ரஜினிகாந்த் பாத்திரத்தை மறக்க முடியுமா? நீதிபதி பதவி கைநழுவிய ஆத்திரத்தில், மனைவியைக் கொன்றவனை வாதாடி விடுவிக்கிறார். சிவாஜி நடித்த இந்த பாரிஸ்டர்தான் என்னை அதிகம் கலங்கவைக்கிறார். பணத்தாசை இல்லாதவர், வீம்பு ஒன்றே அவரைச் சாய்த்தது.

கதைகள் இருக்கட்டும், நிஜத்தில் உங்கள் பணத்தை ஒரு வக்கீல் கையாடினால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, அவரைத் தொழிலிலிருந்தே நீக்க இடம் தருகிறது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு அழைக்க வேண்டிய எண் 15100. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.