ஒட்டுகிற பால் உறுதியான டயரான கதை

மழைக்குப் போடும் பூட்ஸ், மருந்து அடிக்கும்போது போடும் கையுறை, சைக்கிள் டியூப், கேஸ் அடுப்பின் குழாய், பிள்ளைகள் அடித்து விளையாடும் பந்து என்று நம்ம லயத்து வீடுகளில் இறப்பர் இல்லாத மூலை கிடையாது. மரத்தில் வெட்டி எடுக்கிற வெள்ளைப் பால் இப்படியெல்லாம் எப்படி மாறுகிறது? இதைத் தெரிந்துகொண்டால் பூட்ஸும் கையுறையும் கூடுதல் காலம் உழைக்கும். வீட்டுக்கு வரும் சில ஆபத்துகளையும் தவிர்க்கலாம்.

மரம் வந்த வழி

இறப்பர் மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில். ஹென்றி விக்ஹாம் என்பவர் 1876ஆம் ஆண்டு அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கியூ தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவுதான். அந்தக் கன்றுகளில் பெரும் பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டது. பிறகு களுத்துறை, இரத்தினபுரி, கேகாலைப் பக்கமெல்லாம் இறப்பர் தோட்டங்கள் பரவின. தேயிலை மலையில் கொழுந்து பறித்த கைகளைப் போலவே, அங்கே பால் வெட்டிய கைகளிலும் நம்ம சனங்களின் கைகள் நிறைய உண்டு.

பச்சை இறப்பரின் குறை

சிரட்டையில் சேரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இறப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகை போட்டுக் காய வைப்பார்கள். ஆனால் அந்த ஷீட்டை அப்படியே வெட்டி பூட்ஸ் தைத்தால் என்ன ஆகும்? நுவரெலியா குளிரில் அது விறைத்துப் போகும். திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்று வெயிலுக்குக் கொண்டு போனால் பிசுபிசுத்துக் காலில் ஒட்டும். இழுத்தாலும் பழைய அளவுக்கு ஒழுங்காகத் திரும்பாது.

காரணம் இதுதான். இறப்பருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மிக நீளமான இழைகள் சுருண்டு கிடக்கின்றன. ஒன்றோடொன்று முடிச்சு இல்லாததால், இழுத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஈச்சிலம்பற்றுக் கரையோரத்து மீனவர்களின் வலையை நினைத்துப் பாருங்கள். வெறும் நூல் கட்டில் மீன் நிற்குமா? அதே நூலுக்கு இடைக்கிடை முடிச்சுப் போட்டால்தான் வலை. இழுத்தாலும் பிரியாது, விட்டால் பழைய உருவத்துக்கு வரும். இறப்பருக்கும் இப்படி முடிச்சுப் போட வேண்டும்.

கந்தகம் போடும் முடிச்சு

அந்த முடிச்சைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் சார்ள்ஸ் குட்இயர். 1839இல் கந்தகம் கலந்த இறப்பர் சூடான அடுப்பில் பட்டபோது, அது உருகாமல் தோல் மாதிரி உறுதியானதைக் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தோமஸ் ஹன்கொக் என்பவரும் அதே காலத்தில் இந்த முறைக்கு உரிமை வாங்கினார். ரோமர்களின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரை வைத்து இதற்கு வல்கனைசுப்படுத்தல் என்று பெயரிட்டார்கள். குட்இயர் 1860இல் கடனோடுதான் இறந்தார். அவர் பெயரில் உள்ள டயர் கம்பெனி 1898இல் வேறு ஆட்கள் தொடங்கியது. உழைத்தவருக்கு ஒன்றும், பலன் கண்டவருக்கு வேறொன்றும் கிடைப்பது நமக்குப் புதிய கதை இல்லையே!

கந்தகத்தோடு இறப்பரைச் சூடாக்கும்போது, கந்தக அணுக்கள் ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவே பாலம் போடுகின்றன. நூறு பங்கு இறப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் போட்டால் இழுபடும் டியூப். முப்பது பங்குக்கு மேலே போனால் கல்லு மாதிரி எபனைட். உப்பு மாதிரித்தான், அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

தொழிற்சாலையில் இன்னும் பல சாமான்கள் சேரும். வேலையைச் சீக்கிரமாக்க நாகவொட்சைட்டும் வேறு மருந்துகளும் போடுவார்கள். டயர் தேயாமலிருக்கக் காபன் கரி போடுவார்கள். டயர் கறுப்பாக இருப்பது அதனால்தான். இறப்பர் இழையையே மாற்றுகிற முறைகளும் உண்டு. எபொக்சி முறையில் மாற்றிய இறப்பர் எண்ணெய்க்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். களுத்துறை மாவட்டத்தின் அகலவத்தையில் உள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் மரத்தைப் பற்றியும் பாலைப் பற்றியும் ஆராய்கிறது. பாரம் தூக்கும் வண்டிகளுக்கான சொலிட் டயர்களை ஏற்றுமதி செய்வதிலும் இலங்கைக்கு உலகத்தில் நல்ல பெயர் உண்டு.

நாம் கவனிக்க வேண்டியவை

* பூட்ஸையும் கையுறையையும் மண்ணெண்ணெய், பெற்றோல் போட்டுத் துடைக்காதீர்கள். சாதாரண இறப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்துப் பலமிழக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். கடும் வெயில் இறப்பரை வெடிக்கச் செய்யும்.

* மருந்து அடிக்கிறவர்கள் வெடித்த கையுறையைப் போடவே கூடாது. சின்ன ஓட்டை போதும், மருந்து உடம்புக்குள் போக. எண்ணெய் கலந்த மருந்துகளுக்கு நைட்ரைல் கையுறை நல்லது. வேலைக்கு ஏற்ற கையுறையைத் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். அது சலுகை இல்லை, பாதுகாப்பு.

* கேஸ் அடுப்புக்கு அதற்கென்று செய்த குழாயை மட்டும் பூட்டுங்கள். தண்ணீர்க் குழாய் உதவாது. மடித்துப் பார்த்தால் கீறல் தெரிகிறதா? உடனே மாற்றுங்கள்.

* பழைய டயரை எரிக்காதீர்கள். முடிச்சுப் போட்ட இறப்பர் மெழுகு மாதிரி உருகிப் போகாது. கருகி, கந்தகப் புகையும் வேறு நஞ்சுகளும்தான் வரும். நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது மிகக் கெடுதல்.

* லயத்துக்குப் பின்னால் டயரைப் போட்டு வைக்கவும் வேண்டாம். அது லேசில் உக்காது. உள்ளே தேங்கும் மழைத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். சூடான காலத்தில் ஒரு வாரம், பத்து நாளிலேயே நுளம்பாகிப் பறக்கும். டயரை வைத்திருக்க வேண்டுமென்றால் கூரைக்குக் கீழே வையுங்கள், அல்லது தண்ணீர் நிற்காதபடி ஓட்டை போடுங்கள்.

இறப்பரை உறுதியாக்கிய அதே முடிச்சுத்தான் அதை அழியாத குப்பையாகவும் ஆக்குகிறது. ஆகவே வாங்கும்போது தரம் பாருங்கள், பாவிக்கும்போது பக்குவமாகப் பாவியுங்கள், கழிக்கும்போது அயல் வீட்டையும் நினையுங்கள். இந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.