பாட்டு பெட்டியில இருக்கு மச்சி!

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பழைய மாருதி 800 உங்களைத் தாண்டிப் போகிறது. கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருக்கிறது. ஆனாலும் 'தும்... தும்...' என்று உங்கள் நெஞ்சுக்குள் யாரோ உரல் இடிக்கிறார்கள். "எத்தனை வாட்ஸ்டா இது?" நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

தப்பான கேள்வி பாஸ்! இது புரிவதற்கு எங்களுக்கு ஒரு முழு செமஸ்டர், ரெண்டு பலகை, கூடவே கொஞ்சம் மானமும் செலவானது.

அப்பா போட்ட மூணு கண்டிஷன்

வண்டி என் ரூம்மேட்டின் அப்பாவுடையது. மாருதி 800 தயாரிப்பே 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்கு தீவன மூட்டை சுமப்பதிலிருந்து, ஆத்தாவை கோவைக்கு கண் ஆஸ்பத்திரி கூட்டிப் போவது வரை அந்த வீட்டுக்கு எல்லாமே அதுதான். "வூஃபர் வைக்கட்டுங்களாப்பா?" என்று அவன் கேட்டபோது, அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "டிக்கில மூட்டை வெக்க எடம் இருக்கோணும். வண்டில ஒரு ஓட்டை போடக்கூடாது. கழட்டினா பழைய வண்டியாட்டவே இருக்கோணும். என்ன கண்ணு?"

ஓகே சொல்லிவிட்டோம். ஆறு மாசம் சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போய் பந்தி பரிமாறினோம். அந்தக் காசில் பத்து இஞ்ச் சப்-வூஃபர் ஒன்று புதுசாகவும், ஆம்ப்ளிஃபையர் ஒன்று செகண்ட்ஹேண்டிலும் வாங்கினோம். ஒரு கார்பெண்டர் அண்ணனிடம் துண்டுச் சீட்டில் அளவு எழுதிக் கொடுத்தோம். ரெண்டே நாளில் பெட்டி ரெடி. ராத்திரி பதினோரு மணிக்கு நாங்களே ஒயரிங் பண்ணி, ஆன் பண்ணினோம்.

மொக்கை! ஸ்பீக்கர் விளிம்பு மரத்தில் உட்காராமல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எந்தப் பாட்டைப் போட்டாலும் 'டொம், டொம்' என்று ஒரே சத்தம். தவிலும் டொம், கிடாரும் டொம்.

அது கூடப் பரவாயில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அப்பா சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பேட்டரி காலி! ஆம்ப்ளிஃபையரை எழுப்பிவிடும் ரிமோட் ஒயரை, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் லைனில் கொடுக்காமல், எப்போதும் கரன்ட் இருக்கும் லைனில் கொடுத்துவிட்டோம். ஆம்ப் ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை. கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு ஆத்தா பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். அப்பா திட்டவில்லை. சாவியை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் கூட நல்லா இருந்திருக்கும்.

வில்லன் யாரு?

'ஸ்பீக்கர் டூப்ளிகேட்டு மச்சி' என்று கடைக்காரரை வைதோம். தலையணைக்குள் போடும் ஃபைபர் பஞ்சை வாங்கிப் பெட்டிக்குள் அடைத்தோம். லேசாக வித்தியாசம் தெரிந்தது, அவ்வளவே. அப்புறம்தான் ஒருவன் கணபதிக்கு வண்டியை விடச் சொன்னான். அங்கே ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார்.

கோயமுத்தூர் பம்ப்செட் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. அந்த பம்ப்பின் இரும்பு உடம்பை வார்ப்பதற்கு முன், அதே உருவத்தை மரத்தில் செய்துகொள்வார்கள். அதுதான் பேட்டர்ன். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்கிற கணக்கில் சுருங்கும். அந்த ஒன்றையும் சேர்த்துத்தான் மரத்தை வெட்டவேண்டும். அப்படி மில்லிமீட்டரில் வாழ்கிற மனுஷர் அவர். எங்கள் சீட்டை வாங்கிப் பார்த்தார். 26, 30, 32 சென்டிமீட்டர்.

"ஏனுங் தம்பி, இது உள் அளவுங்களா, வெளி அளவுங்களா?"

அவ்வளவுதான். எங்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை!

நாங்கள் கணக்குப் போட்டது உள் அளவு. 26 x 30 x 32 என்றால் 24,960 கன சென்டிமீட்டர். அதாவது 25 லிட்டர் காற்று. ஆனால் சீட்டில் அதை எழுதவில்லை. கார்பெண்டர் அண்ணன் வெளி அளவு என்று நினைத்து வெட்டிவிட்டார். பலகை 18 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒவ்வொரு அளவிலும் 3.6 சென்டிமீட்டர் போச்சு. மிச்சம் 22.4 x 26.4 x 28.4. பெருக்கிப் பாருங்கள், 17 லிட்டர் கூட வராது. மூன்றில் ஒரு பங்கு காற்றை பலகையே தின்றுவிட்டது!

காத்துதான் ஸ்பிரிங்கு

காற்று குறைந்தால் என்ன ஆகும்? ஸ்பீக்கர் கோன் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது. அதே நேரம் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிர். திறந்த வெளியில் ரெண்டும் கலந்து ஒன்றையொன்று தின்றுவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து வாசித்தால் பாஸ் கேட்காததன் ரகசியம் இதுதான். பின்பக்க அலையை ஜெயிலில் போடத்தான் பெட்டி.

மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். இதைப் பயன்படுத்தி சின்னப் பெட்டியிலும் ஆழமான பாஸ் வரவைக்கலாம் என்று 1954-ல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் செய்து காட்டினார். ஆனால் பெட்டி தேவைக்கும் கீழே சுருங்கினால் ஸ்பிரிங் விறைத்துப்போகும். ஆழமான ஸ்வரங்கள் அமுங்கிவிடும். நடுவில் ஒரு ஸ்வரம் மட்டும் பிடிவாதமாகக் கத்தும். அதுதான் எங்கள் 'டொம்'.

எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் என்பதையும் குத்துமதிப்பாகச் சொல்லத் தேவையில்லை. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் போட்ட கணக்கை, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினார். வூஃபர் டப்பாவுக்குள் ஒரு பேப்பர் கிடக்குமே, நாம் கசக்கிப் போடுவோமே, அதில் இருக்கும் 'தீல்-ஸ்மால்' அளவுகள் அவர்கள் பெயர்தான். அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸை மறந்துவிட்டு, அந்தப் பேப்பரைப் படியுங்கள். வாட்ஸே வேண்டும் என்றால் ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

மறுபடியும் மொதல்ல இருந்து

சாவி கையில் இல்லை. அதனால் வண்டி இல்லாமலேயே பெட்டியை முடித்தோம். பெரியவர் மேற்பார்வையில் புது பலகை, 18 மி.மீ. எம்.டி.எஃப். அறுக்கும்போது வரும் தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். ஓரங்களில் பசை போட்டு ஸ்க்ரூ முடுக்கி, உள்பக்க மூலைகளில் சிலிகான் இழுத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். அப்புறம் ஸ்பீக்கரை மாட்டி, பாஸ் பாட்டு ஓடவிட்டு, பலகை சேரும் இடமெல்லாம் ஊதுபத்தி காட்டினோம். புகை நேராகப் போனால் பெட்டி பாஸ். ஒரு மூலையில் மட்டும் புகை ஆடியது. மறுபடி சிலிகான்.

அடுத்து ரெக்ஸின். உக்கடம் பக்கம் ஒரு சீட் குஷன் கடை அண்ணன்தான் குரு. பசையை பெட்டி மேலும் ரெக்ஸின் துணி மேலும் ரெண்டிலும் தடவச் சொன்னார். உடனே ஒட்டப் போனோம். கையில் தட்டினார். "அவசரப்படாதீங் தம்பி. வெரல்ல ஒட்டாம பிசுபிசுன்னு வரோணும். அப்பத்தான் ஒட்டோணும்." பத்து, பதினைந்து நிமிஷம். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனால் காற்றுக் குமிழி வராது. மூலையில் 'வி' மாதிரி வெட்டி எடுத்தால் மடிப்பு தடிக்காது. ஓட்டை இருக்கும் இடத்தில் வட்டமாக வெட்டிவிடாமல், நட்சத்திரம் மாதிரி கீறி உள்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். சீட் என்ன கலரோ அதே கலர். பெட்டி வண்டியோடு பிறந்த மாதிரி ஆகிவிட்டது!

இந்த ஊரில் இதெல்லாம் புதுசில்லை. கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுகிறார்கள். இதே மாருதி 800 இன்ஜினை வைத்து 1980-களின் கடைசியில் 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார் செய்தவர் நம் கோவைக்காரர் கரிவரதன். செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். கேட்டால் சொல்லித்தர இங்கே ஆள் இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

ஒயரைத் தொடும் முன்!

300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபையர் முழு மூச்சில் பாடினால் பேட்டரியிலிருந்து 35 ஆம்பியருக்கு மேல் கூட இழுக்கலாம். 60 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு எட்டை ஒரேயடியாக எரிய விடுகிற மாதிரி. அதற்கேற்ற தடிமனில் செம்பு ஒயர் வேண்டும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபையரை அல்ல, ஒயரை. ஒயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும். இந்த விஷயத்தில் மட்டும் 'நாமே ராஜா' வேண்டாம். நாங்கள் இந்த முறை ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டோம்.

சாவி வந்தது

முடித்த பெட்டியை அப்பா முன்னால் வைத்தோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டிக்கியில் ஒரு ஓரம் பெட்டி, பக்கத்தில் மூட்டைக்கு இடம். ஆணி கிடையாது, லாரி தார்ப்பாய் கட்டும் பெல்ட்தான். பதினைந்து கிலோ பெட்டி, சடன் பிரேக் அடித்தால் பறந்து வந்து மண்டையை உடைக்கக் கூடாதே! ஒயர் போனது ஏற்கனவே இருந்த ரப்பர் புஷ் வழியாக. ஓட்டை பூஜ்ஜியம். "ரேத்திரி பேட்டரி?" என்றார். அந்த வீட்டிலேயே படுத்து, காலையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினோம். அதற்கப்புறம்தான் சாவி வந்தது.

அடுத்த செக்கப்புக்கு ஆத்தா பின்சீட்டில். பழைய பாட்டு ஒன்றை மெதுவாகப் போட்டான். சத்தமாக வைக்கத் தோன்றவில்லை. அதுதான் ஆச்சரியம்! மிருதங்கத்தின் இடது பக்கம் தனியாக, தெளிவாக வந்தது. சரியான பெட்டி கத்தாது பாஸ், பாடும்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது அமெரிக்க தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் அளவு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம். போன காது திரும்பாது. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்கின்றன 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள். அங்கே சவுண்டைக் குறையுங்கள்.

ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் நாங்கள் பாட்டை நிறுத்தினோம். ஆத்தா திரும்பி, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு ரெக்ஸினைத் தடவிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி நிறுத்திட்டீங்க? உள்ளாற ஆரோ நல்லாத்தானே வாசிச்சுட்டு இருந்தாங்க!"

அந்தத் துண்டுச் சீட்டு இன்னமும் எங்கள் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது. 26, 30, 32. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை: 'உள் அளவு'. வரட்டா? ஜூட்!